ஒரு நேரத்துண்டு போகும் வழி: திருகோணமலையில் முதன்முறை நீச்சல் போட்டி நடத்துவோருக்கு

பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் கரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்த ஆள்தான் நானும். ஒருநாள் கோச் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். "சேர், வாற மாசம் சின்னதா ஒரு மீற் வைப்பம். நாலைஞ்சு பாடசாலை வரும். நீங்களும் கொஞ்சம் கூட நிண்டு பாருங்கோ." அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது. காலை எட்டுக்குத் தொடங்கி மதியத்தோடு முடிய வேண்டிய போட்டியில் கடைசி அஞ்சல் நீச்சல் முடிந்தபோது பொழுது பட்டுவிட்டது. பிள்ளைகள் நன்றாகத்தான் நீந்தினார்கள். நாங்கள்தான் கரையில் நேரம் எழுதிய இரண்டு கடதாசித் துண்டுகளைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். லேன் முனையில் எழுதப்படும் ஒரு நேரத்துண்டு, பிழையில்லாமல் முடிவு மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். தடாகம், விசில், மத்தியஸ்தர், ஒலிபெருக்கி எல்லாம் அந்தத் துண்டுக்காகத்தான். புதிதாகப் பொறுப்பெடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதை வாசித்தால் நல்லது.

முதல் வேலை: நாடாவோடு தடாகத்துக்குப் போவது

போட்டித் தடாகம் இரண்டு அளவில் வரும். 50 மீற்றர் நீளமானது 'லோங் கோர்ஸ்', 25 மீற்றர் 'ஷோர்ட் கோர்ஸ்'. ஒன்றில் எடுத்த நேரத்தை மற்றதில் எடுத்த நேரத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஷோர்ட் கோர்ஸில் திரும்பல் கூட. சுவரை உதைத்துப் பாயும் வேகமும் கூட. விடுதித் தடாகம் ஒன்றை இலவசமாகத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு முதலில் அளந்து பாருங்கள். அவரை விதை வடிவத் தடாகத்தில் விளையாட்டு விழா நடத்தலாம். நேரம் எடுக்க முடியாது. இரண்டு முனைச் சுவரும் நேராக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். துணி நாடா ஈரத்தில் இழுபடும் என்பதால் உருக்கு நாடா கொண்டுபோங்கள். ஒவ்வொரு லேனையும் தனியாக அளந்து எழுதி வையுங்கள். 25 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் குறைந்தாலும் அந்த நேரத்தை வைத்து வேறு எங்கும் பதிவு கேட்க முடியாது.

நீளத்தை விட எனக்குப் பயம் தருவது ஆழம். தொடக்க மேடை வைப்பதானால், முனைச் சுவரிலிருந்து 1 மீற்றர் தூரம் தொடங்கிக் குறைந்தது 6 மீற்றர் வரை 1.35 மீற்றர் ஆழம் இருக்க வேண்டும் என்பது உலக நீர்விளையாட்டுச் சம்மேளனத்தின் வசதி விதி. தடாகத்தின் ஒரு முனை ஆழமில்லை என்றால் அந்த முனையில் ஒருவரும் மேடையிலிருந்து பாயக் கூடாது. தண்ணீருக்குள் நின்று சுவரைப் பிடித்தபடி தொடங்க வேண்டும். பதினொரு வயதுப் பையன் ஒருவன் "எனக்குப் பாயத் தெரியும் சேர்" என்று கெஞ்சுவான். இரங்காதீர்கள்.

பக்ஸ்ட்ரோக் கொடிகளை மறக்க வேண்டாம். இரண்டு முனையிலும் சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி, நீர்மட்டத்துக்கு 1.8 மீற்றர் மேலே கட்ட வேண்டும். மல்லாந்து வரும் பிள்ளைக்குச் சுவர் கிட்டிவிட்டது என்று சொல்ல வேறொன்றும் இல்லை. நம் ஊரில் ஆனி ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் இந்தக் கொடிகள் கயிற்றைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு கொடியின் நுனியிலும் சின்னப் பாரம் ஒன்று தைத்துவிடுங்கள். அதே கச்சான் பதினொரு மணிக்குப் பிறகு கூடாரத்தையும் தூக்கும், மேசையில் உள்ள துண்டுகளையும் தூக்கும். கூடாரக் கால்களுக்கு மணல் மூட்டை, துண்டுகளுக்குக் கிளிப். இரண்டும் செலவில்லாத விஷயம்.

இன்னொன்று. முதல் நாள் இரவு நல்லெண்ணத்தில் குளோரினை அள்ளிக் கொட்டும் பராமரிப்பாளர் எங்கும் இருப்பார். காலையில் அறுபது பிள்ளைகள் சிவந்த கண்ணோடு நிற்பார்கள். அவரோடு இரண்டு நாள் முன்பே பேசிவிடுங்கள்.

நாள் குறிப்பது

வாடைக் காற்றும் மழையும் கூடும் ஐப்பசி முதல் தை வரையான காலத்தைத் தவிருங்கள். திறந்தவெளித் தடாகத்தில் மழை தடையில்லை, இடிதான் தடை. இடி கேட்டால் எல்லோரும் வெளியே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. சித்திரையிலும் பின்னேர இடி உண்டு. அதனால் எந்த மாதமானாலும் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பதுதான் நம் ஊருக்குப் பொருத்தம்.

பங்குனி உத்தரத்தை ஒட்டிய கோணேசர் கோவில் திருவிழா நாட்கள், நோன்பு மாதம், தவணைப் பரீட்சை, சாதாரண தரப் பரீட்சை எல்லாவற்றையும் நாட்காட்டியில் முதலில் அடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்ஆவுக்கு முன் முடியாது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் விடிய எழும்பித்தான் புறப்படுவார்கள். "ஏழு மணிக்கு வோர்ம் அப்" என்று எழுதுவதற்கு முன் அவர்கள் ஏற வேண்டிய பஸ்ஸை நினையுங்கள்.

அழைப்பும் விதிகளும்

அழைப்புக் கடிதத்தோடு இரண்டு பக்க விதித்தாள் ஒன்றும் போக வேண்டும். எந்தத் தடாகம், எத்தனை லேன், என்னென்ன நிகழ்ச்சி, ஒருவர் எத்தனை நிகழ்ச்சியில் நீந்தலாம், விண்ணப்பம் எப்போது முடியும், வயது எந்தத் திகதியை வைத்துக் கணக்கிடப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வயதுத் திகதிதான் அதிகம் சண்டை வரும் இடம். சர்வதேச வயதுப் பிரிவுப் போட்டிகளில் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உள்ள வயதைப் பார்ப்பார்கள். பாடசாலைப் போட்டியென்றால் அந்த ஆண்டுச் சுற்றுநிருபத்தில் என்ன உள்ளதோ அதையே எழுதுங்கள். 'பன்னிரண்டு வயதுக்குக் கீழ்' என்று மொட்டையாக எழுதினால், பதிவு மேசையில் பிறப்புச் சான்றிதழோடு நாலு தகப்பன்மார் நிற்பார்கள்.

உடையையும் இதிலேயே தீர்த்துவிடுங்கள். சர்வதேச விதிப்படி ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் போகக் கூடாது. பெண்களின் உடை கழுத்தை மூடவோ, தோளைத் தாண்டவோ, முழங்காலுக்குக் கீழே போகவோ கூடாது. எங்கள் பக்கத்தில் முழுக்கை உடையோடும் தலையை மூடியும் நீந்தும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு பயிற்சி மீற்றின் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. "இப்போட்டியில் முழுநீள நீச்சலுடை அனுமதிக்கப்படும்; சாதனைப் பதிவுக்கு எடுத்துக்கொள்ளப்படாது" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பதிவுகளை ஹீட்டாக்குவது

இனிக் கணக்கு. 120 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிகழ்ச்சி என்று வைத்தால் 360 பதிவுகள். ஆறு லேன் தடாகத்தில் ஆறால் வகுத்தால் 60 ஹீட், அதாவது ஒரே தடவையில் சேர்ந்து நீந்தும் 60 குழு. ஆனால் ஆண், பெண், வயது என்று பிரியும்போது பாதி நிரம்பிய ஹீட்டுகள் வரும், ஆகையால் 75 என்று வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள போட்டியில் ஒரு ஹீட்டுக்கு அழைப்பு, நீச்சல், வெளியேறல் எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் போகும். 150 நிமிடம். அதோடு வோர்ம் அப் 45 நிமிடம், இடைவேளை, பதக்கம். ஏழரைக்கு வோர்ம் அப் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் முடியும். இந்தக் கணக்கைப் போடாமல் 100 பதிவை மேலதிகமாக ஏற்றுக்கொண்டதுதான் எங்கள் முதல் மீற் பொழுது படும்வரை இழுபட்டதற்குக் காரணம். இரண்டு துண்டு தொலைந்தது அதற்கு மேல் வந்த சனியன்.

பதிவு நேரத்தை, அதாவது பிள்ளை முன்பு நீந்திய நேரம் என்று பாடசாலை விண்ணப்பத்தோடு அனுப்புவதை, எப்படி எழுத வேண்டும் என்று மாதிரி கொடுங்கள். ஒரு பாடசாலை 1.05 என்று அனுப்பும். அது ஒரு நிமிடம் ஐந்து செக்கனா, வேறு ஏதாவதா? 1:05.00 என்று எழுதச் சொல்லுங்கள். கணினி விரிதாளில் நேரம் அடிக்கும்போது அது காலை ஒன்று ஐந்தாக மாறிக்கொள்ளும், அந்தப் பத்தியை 'எழுத்து' வகைக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். ஹை-டெக் மீட் மேனேஜர் போன்ற மென்பொருள் இருந்தால் இந்தத் தலையிடி குறையும். இல்லாவிட்டாலும் நூறு பிள்ளை வரை கையால் செய்துவிடலாம்.

ஹீட் பிரிக்கும் முறை இது. சின்ன மீற்றுகளில் பெரும்பாலும் தனியாக இறுதிப் போட்டி கிடையாது. எல்லா ஹீட்டின் நேரத்தையும் ஒன்றாக வைத்து இடம் கொடுப்பார்கள். இதை 'டைம்ட் ஃபைனல்' என்பார்கள். பதிவு நேரப்படி மெதுவானவர் முதல் ஹீட்டில், வேகமானவர் கடைசி ஹீட்டில். நேரமே இல்லாதவர்கள் மெதுவானவர்களோடு. ஒரு ஹீட்டுக்குள் வேகமானவருக்கு நடு லேன்: ஆறு லேனில் மூன்றாவது, எட்டு லேனில் நான்காவது. அடுத்தவர் அவருக்கு இடப்பக்கம், அதற்கடுத்தவர் வலப்பக்கம். ஆறு லேனுக்கு 3, 4, 2, 5, 1, 6 என்ற வரிசை வரும். எட்டு லேனுக்கு 4, 5, 3, 6, 2, 7, 1, 8. தொடக்க முனையில் தடாகத்தைப் பார்த்து நின்றால் முதலாம் லேன் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இதை மாறி வைத்துவிட்டு எல்லாத் துண்டிலும் பிழையான பெயர் எழுதிய குழு ஒன்றைக் கண்டிருக்கிறேன். நாங்கள்தான் அந்தக் குழு என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் சரியில்லை.

தகுதிகாண் சுற்றும் இறுதியும் தனித்தனியாக வைத்தால் முறை வேறு. கடைசி மூன்று ஹீட்டிலும் வேகமானவர்களைப் பரப்ப வேண்டும்: முதல் ஆள் கடைசி ஹீட்டில், இரண்டாம் ஆள் அதற்கு முந்தியதில், மூன்றாம் ஆள் அதற்கும் முந்தியதில், நான்காம் ஆள் மறுபடி கடைசியில். ஒரு ஹீட்டில் ஒரே ஒரு பிள்ளை தனியாக நீந்தும்படி விடக் கூடாது, குறைந்தது மூவராவது இருக்கட்டும்.

ஹீட் பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரத்துண்டு அச்சடியுங்கள். நிகழ்ச்சி எண், ஹீட், லேன், பெயர், பாடசாலை, மூன்று நேரத்துக்கு மூன்று கட்டம். கடைசியில் 'உத்தியோகபூர்வ நேரம்' என்று ஒரு கட்டம். அதை லேனில் நிற்பவர் தொடக் கூடாது. தண்ணீர் பட்டால் ஊறும், அதனால் தடித்த தாளில், பென்சிலால். மை பேனையை மேசைக்காரர் மட்டும் வைத்திருக்கட்டும்.

ஆட்கள்

ஒரு மத்தியஸ்தர். அவர் சொல்வதே முடிவு. கோச் ஆனாலும் அதிபர் ஆனாலும். ஒரு ஸ்டார்ட்டர். நீச்சல் முறையைப் பார்க்க இரு பக்கமும் ஒவ்வொருவர். திரும்பலைப் பார்க்க ஒவ்வொரு முனையிலும் மூவர், ஆளுக்கு இரண்டு லேன். பிள்ளைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் மார்ஷல் இருவர். இந்த வேலைக்கு ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளை மிஞ்ச ஆளில்லை. அறிவிப்பாளர், முடிவு மேசைக்கு மூவர், துண்டு கொண்டுபோக இரண்டு பெரிய பிள்ளைகள்.

உயிர்காப்பாளர் இருவருக்குக் குறையக் கூடாது. அவர்களிடம் ஸ்டொப் வொட்ச்சோ, துண்டோ, தேத்தண்ணித் தட்டோ எதையும் கொடுக்காதீர்கள். அவர்களின் கண் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். முதலுதவி தெரிந்த ஒருவர், ஒரு விரிப்பு, 1990 அவசர அம்புலன்ஸ் எண், வாகனம் உள்ளே வரும் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்காமல் பார்க்க ஒருவர்.

நேரம் எடுப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டொப் வொட்ச் பிடிப்பது

தானியங்கிக் கருவி இல்லாத போட்டியில் ஒரு லேனுக்கு மூவர் நேரம் எடுக்க வேண்டும். ஆறு லேனுக்கு 18 பேர். அதற்கு மேல் இரண்டு பேர், எல்லா ஹீட்டிலும் வொட்ச்சை ஓடவிட்டபடி நிற்பார்கள். யாருடைய வொட்ச்சாவது ஓடாமல் விட்டால் அவர் கையைத் தூக்க, இவர்கள் தங்களுடையதைக் கொடுப்பார்கள். 18 பேர் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்பீர்கள். தங்கள் பிள்ளையைப் பார்க்க வந்து கரையில் கதிரை போட்டு இருப்பவர்களில்தான். ஆட்கள் போதாவிட்டால் லேனுக்கு இருவர் வைத்தும் நடத்தலாம்; ஒருவரை மட்டும் வைத்து நடத்த வேண்டாம்.

காலையில் இருபது நிமிடம் ஒதுக்கி இவர்களுக்கு ஒத்திகை வையுங்கள். எல்லோரையும் ஒன்றாக நிற்கவைத்து, ஒரே சைகைக்கு வொட்ச்சைத் தொடங்கி ஒரே சைகைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். நேரங்களை வாசிக்கச் சொன்னால் யார் சுணங்குகிறார், யாருடைய வொட்ச் களைத்துவிட்டது என்பது உடனே தெரியும். புது மின்கலம் போடுவதைக் கஞ்சத்தனம் பார்க்காமல் செய்யுங்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தொடக்கத்தில் ஒலியைக் கேட்டு அழுத்த வேண்டாம், ஒளியையோ ஸ்டார்ட்டரின் கையையோ பார்த்து அழுத்துங்கள். 25 மீற்றரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 0.07 செக்கன் எடுக்கும். நூறில் ஒரு செக்கனில் பதக்கம் மாறும் விளையாட்டில் அது பெரிய தூரம். முடிவில் சுவருக்கு நேர் மேலே வந்து குனிந்து நில்லுங்கள். உடம்பின் எந்தப் பகுதி சுவரில் பட்டாலும் அந்தக் கணத்தில் அழுத்துங்கள். மற்ற லேனைப் பார்க்காதீர்கள், கத்தாதீர்கள், கைதட்டாதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் நேரத்தைப் பார்த்து உங்கள் நேரத்தைத் திருத்தாதீர்கள்.

இந்தக் கடைசி வரியை மூன்று முறை சொல்லுங்கள். மனிதரின் இயல்பு அது. பக்கத்தில் இருவர் 34.5 என்றால் நம்முடைய 34.8 வெட்கமாக இருக்கும். ஆனால் மூன்று வொட்ச் வைப்பதே அதற்காகத்தான். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுவே உத்தியோகபூர்வ நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதை எடுப்போம். 34.49, 34.52, 34.61 என்று வந்தால் 34.52. சராசரி பார்ப்பதில்லை. மூன்றில் ஒரு வொட்ச் பழுதாகி இரண்டு மட்டும் இருந்தால்தான் சராசரி, 34.52, 34.60 என்றால் 34.56. பொய்யாகத் திருத்திய நேரம் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது.

சொந்தப் பிள்ளை நீந்தும் லேனில் அப்பா அம்மாவை நிற்கவிடாதீர்கள். நேர்மைப் பிரச்சினை இல்லை. ஒருமுறை என் மகள் என் லேனில் வந்தாள். சுவரைத் தொட்டாள். நான் கையை உயர்த்திக் கூவிவிட்டு, அரை நிமிடம் கழித்து வொட்ச்சைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது.

25 மீற்றர் நிகழ்ச்சியில் ஒரு பொறி உண்டு. 25 மீற்றர் தடாகத்தில் மற்ற எல்லாம் தொடங்கிய முனையிலேயே முடியும். இது மட்டும் எதிர் முனையில் முடியும். 18 பேரையும் கதிரையோடு நடத்திக்கொண்டு போவதை விட, சின்னவர்களை எதிர் முனையிலிருந்து தொடங்கவிடுவது சுலபம். அந்த முனை ஆழம் குறைந்தது என்றால் தண்ணீருக்குள் இருந்து தொடங்கட்டும். ஸ்டார்ட்டர் அப்போது 25 மீற்றர் தள்ளி நிற்பார், கையை உயர்த்தித் தெளிவாகக் காட்டச் சொல்லுங்கள்.

இவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கொடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பத்து மணி வெயிலில் கொங்கிரீட் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் எடுக்கும் நேரத்தை நான் நம்ப மாட்டேன்.

போட்டி நாள்

வோர்ம் அப்பில் பாய்ச்சலுக்குத் தனி லேன் ஒதுக்குங்கள், அதில் ஒரு திசையில் மட்டும் நீந்த வேண்டும். விபத்து அதிகம் நடக்கக்கூடிய நேரம் இதுதான். ஒருவர் மேல் ஒருவர் பாய்வார்கள். உயிர்காப்பாளர்கள் போட்டி தொடங்கும்போது வந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

பிள்ளையின் முன்னங்கையில் நிகழ்ச்சி, ஹீட், லேன் மூன்றையும் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். சன் கிறீம் பூசுவதற்கு முன்பு எழுத வேண்டும், பூசிய பிறகு எழுதினால் தண்ணீரில் இறங்கியதும் போய்விடும். மார்ஷல் மூன்று ஹீட்டுக்கு முன்னரே பிள்ளைகளைக் கூப்பிட்டு வாங்கில் இருத்துவார். துண்டை இங்கே பிள்ளையின் கையில் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நான் எதிர்ப்பேன். நனைந்த கையில் துண்டு, பிறகு வாயில் துண்டு, பிறகு துண்டு இல்லை. லேனுக்கு ஒரு கிளிப் பலகை, அதில் அந்த லேனின் எல்லாத் துண்டும் ஹீட் வரிசைப்படி.

மத்தியஸ்தர் குறுகிய விசில்களைத் தொடர்ந்து ஊதினால் மேலுடையைக் கழற்றித் தயாராக வேண்டும். ஒரு நீண்ட விசிலுக்கு மேடையில் ஏற வேண்டும். பக்ஸ்ட்ரோக் என்றால் அந்த விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, அடுத்த நீண்ட விசிலுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். பிறகு மத்தியஸ்தர் கையை நீட்டுவார்; அதோடு பொறுப்பு ஸ்டார்ட்டருக்கு. அவர் "டேக் யுவர் மார்க்ஸ்" என்பார். எல்லோரும் அசையாமல் நின்றதும் ஒலி. சர்வதேசப் போட்டிகளில் கட்டளை ஆங்கிலத்தில்தான், அதனால் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள். ஒலிக்கு முன் பாய்ந்தால் தகுதிநீக்கம். இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. எட்டு ஒன்பது வயதுக்கு ஒரு முறை மன்னிக்கலாம் என்று நினைத்தால் அதையும் விதித்தாளில் முன்பே எழுதுங்கள். தொடக்கக் கட்டளையும் ஒலியும் வரும் கணத்தில் மட்டும் ஒலிபெருக்கி வாயை மூட வேண்டும். பார்வையாளரும்.

தீன் விஷயம் ஒன்று. வாசலில் ரோல்ஸும் பற்றிஸும் மணக்கும். நீந்த அரை மணி இருக்கும்போது பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கும் அப்பப்பாக்களை விதித்தாளால் தடுக்க முடியாது. வாழைப்பழமும் இளநீரும் விற்க ஒருவரை ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கை தூக்கினால்

நடுவர் ஒருவர் கையை உயர்த்தினால் யாரோ விதி மீறிவிட்டார்கள் என்று அர்த்தம். அவர் உடனே காரணத்தைத் தாளில் எழுதி மத்தியஸ்தரிடம் கொடுக்க வேண்டும். எழுதாத தகுதிநீக்கம் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பிள்ளைகள் அகப்படுவது நாலைந்து இடத்தில்தான். பிறெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும்; அவசரத்தில் ஒரு கையால் தொடுவார்கள். பிறெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒரு கால் தவளை, ஒரு கால் கத்தரிக்கோல். பக்ஸ்ட்ரோக்கில் கடைசி ஒரு மீற்றரில் கவிழ்ந்து சுவரைப் பிடிப்பார்கள். மல்லாந்தபடியேதான் தொட வேண்டும். பிறீஸ்டைலில் களைத்துத் தரையில் நிற்கலாம், அது குற்றமில்லை. ஆனால் நடந்தால் போச்சு. லேன் கயிற்றைப் பிடித்து இழுத்து முன்னேறினாலும் அப்படித்தான். அஞ்சலில் முன்னவர் சுவரைத் தொடுவதற்கு முன் அடுத்தவரின் கால் மேடையை விட்டால் முழு அணியும் வெளியே.

தகுதிநீக்கத்தை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அறிவிக்கத்தான் வேண்டுமா? கோச்சிடம் காரணத்தோடு சொல்லுங்கள், பட்டியலில் போடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு போதும்.

மேசையும் ஆட்சேபமும்

ஹீட் முடிந்ததும் துண்டு கொண்டுபோகும் பிள்ளை ஆறு லேனிலும் வாங்கி, எண்ணி, ஆறும் இருந்தால் மட்டும் மேசைக்குப் போக வேண்டும். ஐந்து இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். நீந்த வராத பிள்ளையின் துண்டும் 'வரவில்லை' என்று எழுதப்பட்டு வர வேண்டும், வெற்று லேன் என்று ஒன்று இல்லை. மேசையில் ஒருவர் மூன்று நேரத்தைப் பார்த்து நடு நேரத்தை எழுத, இரண்டாமவர் சரிபார்க்க, மூன்றாமவர் கணினியில் அடிக்க. சரிபார்த்த துண்டுகளை நிகழ்ச்சிப்படி கட்டி வையுங்கள். முடிவை அச்சடித்து ஒட்டும்போது ஒட்டிய நேரத்தைத் தாளின் மூலையில் எழுதுங்கள்.

அப்போதுதான் வருவார்கள். "சேர், என்ட மகன் அவன்ட ஹீட்டில முதலாவது. எல்லாரும் கண்டது. பிறகேன் மெடல் இல்ல?" ஒவ்வொரு மீற்றிலும் இந்தக் கேள்வி வரும், பதில் எளிது: வேறொரு ஹீட்டில் மூன்று பிள்ளைகள் அவனை விட விரைவாக நீந்தியிருக்கிறார்கள். ஆனால் அதைக் கேள்வி வந்த பிறகு சொன்னால் சமாளிப்புப் போலக் கேட்கும். காலையில் தொடக்க அறிவிப்பிலேயே, பிறகு இடைவேளையில் ஒருமுறை, "இடம் ஹீட்டைப் பார்த்து இல்லை, மொத்த நேரத்தைப் பார்த்து" என்று அறிவிப்பாளரைச் சொல்ல வையுங்கள்.

உண்மையான ஆட்சேபம் வேறு. அதை அணிப் பொறுப்பாளர் எழுத்தில், நிகழ்ச்சி முடிந்து 30 நிமிடத்துக்குள், மத்தியஸ்தரிடம் கொடுக்க வேண்டும். பெற்றோர் நேரடியாக மேசைக்கு வரக் கூடாது. கைபேசிக் காணொளியை ஆதாரமாக ஏற்பதா இல்லையா என்பதை விதித்தாளில் எழுதிவிடுங்கள்; நான் ஏற்பதில்லை, பக்கவாட்டில் இருந்து எடுத்த காணொளி யாரையும் வெல்ல வைக்கும்.

"கடல் இருக்கே, பிறகேன் தடாகம்?"

டச்சுக் குடாவையும் உள்துறைமுகத்தையும் பார்த்து வளர்ந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இராது. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் அதையே செய்தவர். கடல் நீச்சல் நம் மரபில் உண்டு. ஆனால் திறந்த நீர்ப் போட்டி வேறு விளையாட்டு. அங்கே லேன் இல்லை, நேரத்தை ஒப்பிட முடியாது, நீரோட்டம் உண்டு. அதன் முதல் விதி எண்ணிக்கை: எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள். ஒவ்வொருவர் கையிலும் எண் எழுதி, மிதவைப் பாதைக்கு அருகில் படகுகளை நிறுத்தி, கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் ஆவணி வரையான மாதங்களில், காற்று எழும்புவதற்கு முன் விடியற்காலையில் நடத்த வேண்டும். தடாகத்தில் இரண்டு மீற்றாவது பிழையில்லாமல் நடத்திய குழுதான் அதைத் தொட வேண்டும் என்பது என் கருத்து.

பதக்கம் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் படம் எடுக்கப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். இருபது ஸ்டொப் வொட்ச்சையும் எண்ணி வாங்குங்கள், ஒன்று நிச்சயம் யாரோ ஒரு மாமாவின் கழுத்தில் தொங்கியபடி உவர்மலைக்குப் போயிருக்கும். லேன் கயிறுகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் சுற்றுங்கள். துண்டுகளை நிகழ்ச்சி வரிசையில் ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு, மேலே திகதி எழுதி, அடுத்த மீற் முடியும்வரை வீட்டில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தாய் தொலைபேசியில் கூப்பிட்டு, வேறொரு போட்டிக்குப் பதிவு நேரம் வேண்டும், சான்றிதழில் உள்ள நேரம் சரியா என்று கேட்பார். அப்போது அந்தப் பெட்டியைத் திறந்து மூன்று பென்சில் எண்களையும் அவருக்கு வாசித்துக் காட்டலாம்.